தாம்பூலத் தட்டில் ஒரு போன்

மகேஸ்வரி போனைத் தலைக்கு மேலே தூக்கி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

தீபாராதனைத் தட்டை நாலு திசைக்கும் காட்டுவார்களே, அப்படி. கரும்பலகை, மின்விசிறி, முன்வரிசையில் மூன்று டீச்சர்கள், ஜன்னலோரம் நான், கடைசி பெஞ்சில் ஏட்டையா. ஏட்டையா போனைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார்.

“பாத்துட்டீகளா? கிளாஸ்லதேன் இருக்கேன்” என்றாள் போனுக்குள்.

“கடைசி பெஞ்சுல கையாட்டுறது யாரு?” என்றது போன்.

“போலீஸ்காரரு.”

“போலீஸுக்கு எதுக்கு இங்கிலீஷ் எம்.ஏ.?”

வகுப்பே சிரித்தது. ஏட்டையாதான் முதலில் சிரித்தார். மதுரையிலிருந்து காலை பஸ் பிடித்து வந்திருந்த பேராசிரியர், சாக்பீஸைக் கையில் உருட்டியபடி காத்திருந்தார். விக்டோரியா ராணி காலத்துக் கவிதை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார் அவர். ஒரு பிரபு தன் மனைவியைப் பற்றிப் பேசுகிற கவிதை.

போனை மடியில் வைத்துக்கொண்டு மகேஸ்வரி என் பக்கம் சாய்ந்தாள். “ஒரு தடவ காமிச்சாத்தேன்க்கா அவுகளுக்கு மனசு அடங்கும்.”

அடங்கவில்லை. வகுப்பு முடிவதற்குள் இன்னும் இரண்டு தீபாராதனை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள்

தொலைநிலைக் கல்வியில் ஆங்கில எம்.ஏ. சேர்ந்தபோது எனக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதற்கு முன்பே வீணை சேர்ந்திருக்கிறேன். தேனீ வளர்ப்பு சேர்ந்திருக்கிறேன். மலையாளம் எழுதப் படிக்கச் சேர்ந்து, பஸ் போர்டு வாசிக்கிற அளவில் நின்றிருக்கிறேன். சேர்வது எனக்குப் பிடிக்கும். முடிப்பதைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது. சென்ற வாரம் இதே பகுதியில் நான் ஸ்கூட்டர் பழகிய கதையை எழுதியதைப் படித்துவிட்டு, போடியிலிருந்து ஒரு வாசகி, ‘கடைசியில் ஓட்டினீர்களா இல்லையா?’ என்று கேட்டிருக்கிறார். அம்மணி, அதைத்தான் சொல்கிறேன்.

வகுப்பு தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு எங்களுக்கு. முழங்கால் மேசையில் இடிக்கும். எழுந்து நின்றால் மேசையும் கூடவே எழுந்திருக்கும்.

ஆடி மாதம் வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மேற்கு மலையிலிருந்து இறங்கி, தோட்டம் துரவெல்லாம் புகுந்து, தேனிக்கு வரும்போது அது ஒரு லாரி மண்ணோடு வரும். ஜன்னல் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருப்போம். “இந்த ஊர்ல இயற்கைக் கவிதையே நடத்த முடியலம்மா. தென்றல்னு வாயத் தெறந்தா மண்ணு விழுது” என்பார் பேராசிரியர்.

மாணவர்கள் கலவையான கூட்டம். டீச்சர்கள் சம்பள உயர்வுக்காக வந்தவர்கள். ஏட்டையாவிடம் கேட்டால், “அதிகாரி இங்கிலீஷ்ல திட்டுறாரு. என்ன திட்டுறாருன்னு தெரிஞ்சுக்கிட்டா வருத்தப்படவாவது செய்யலாம்ல?” என்பார். என் பெஞ்சுத் தோழி மகேஸ்வரி சின்னமனூர்க்காரி. அங்கே ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். என்னில் பாதி வயதுக்குக் கொஞ்சம் மேலே. என்னைவிட நாலு மடங்கு வேகமாகக் குறிப்பெடுப்பாள். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா ராசாங்கம் வாழைத்தார் மொத்த வியாபாரி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். வாழையை மாற்றவில்லை.)

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். போனுக்குள் பேசியவர்தான் மாப்பிள்ளை விக்னேஷ், கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். நல்ல வியாபாரம். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது.

பூட்டுக்காரர் பேசவே இல்லை

கவிதைக்கு வருகிறேன்.

அதில் ஒரே ஒரு ஆள்தான் பேசுகிறான். பெரிய மாளிகைக்குச் சொந்தக்காரன். எதிரே ஒரு பூட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். தோட்டக் கதவுக்குப் பூட்டுப் போட வரவழைக்கப்பட்டவர். எதற்காகப் பூட்டு என்று பிரபு அவருக்கு விளக்குகிறான். மனைவி தினமும் தோட்டத்துக்குள் போகிறாள். போகும்போது ஒரு முகம், வரும்போது வேறொரு முகம். அந்த இன்னொரு முகத்தைத் தான் வாங்கித் தரவில்லை. பிறகு எங்கே வாங்கினாள் என்பதுதான் அவன் கேள்வி. அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு இனிமையாகப் பேசுகிறான். கடைசியில்தான் போகிற போக்கில் சொல்கிறான், சீக்கிரம் பூட்டு, அவள் இப்போது உள்ளேதான் இருக்கிறாள் என்று.

கவிதை அங்கே முடிகிறது. பூட்டினாரா இல்லையா தெரியாது. பூட்டுக்காரருக்கு ஒரு வரிகூடப் பேச்சு இல்லை. மனைவிக்கும் இல்லை.

“இது நாடகத் தனிமொழி. பேசுறவன் தன்னை நல்லவன்னு காட்டத்தான் பேசுறான். பேசப் பேச நமக்கு வேற ஒண்ணு தெரியுது. அவனுக்கு மட்டும் அது தெரியல. அதான் இதுல விசேஷம்” என்றார் பேராசிரியர்.

“அந்தம்மா என்ன சார் தப்புச் செஞ்சாக?” என்று ஒரு டீச்சர் கேட்டார்.

“ஒண்ணுமே இல்லாமயா டீச்சர் பூட்டுப் போடுவாக?” என்றார் இன்னொருவர்.

“கேஸ் நிக்காது” என்றார் ஏட்டையா. “அடிக்கல, வையல. கதவு அவன் கதவு. பூட்டு அவன் பூட்டு. எந்தச் செக்சன்ல போடுறது?”

அந்தப் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தோம். மகேஸ்வரி சிரிக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் ஒரு கதவு வரைந்துகொண்டிருந்தாள். கதவுக்குக் கைப்பிடி இல்லை.

“பூட்டுக்காரர் ஏன் பேசல? இதான் பரிட்சைக்கு வரும். யோசிங்க” என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் வாயிலிருந்த மண்ணைத் துப்ப வெளியே போனார்.

பெரியப்பாவின் ரேடியோ

நான் யோசித்தது பெரியப்பாவை.

ஆண்டிபட்டியில் அவருக்குத் தறி இருந்தது. வீட்டில் ஒரு ரேடியோவும் இருந்தது. ரேடியோவுக்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். அவர் வீட்டில் இருந்தால் ரேடியோ பாடும். வெளியே போனால் பாட்டும் கூடவே போய்விடும்.

“கரண்டு பில்லு ஏறிப்போகும்” என்று காரணம் சொல்வார். உண்மைக் காரணம் பெரியம்மாவுக்குத் தெரியும். பாட்டுக் கேட்டால் அவள் பாடுவாள். பாடினால் நன்றாக இருக்கும். நன்றாக இருந்தால் தெருவில் போகிறவன் ஒரு நிமிஷம் நிற்பான். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பூட்டு.

பெரியம்மா சண்டை போடவில்லை. எதிர்வீட்டு ரேடியோ பாடுகிற நேரம் பார்த்துத் துணி காயப்போட மாடிக்குப் போவாள். ஆண்டிபட்டி வெயிலில் துணி காய எவ்வளவு நேரம் ஆகும்? அவள் துணிக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆகும்.

பெரியப்பா போன பிறகு சாவி அவள் கைக்கு வந்தது. பெட்டியைத் திறந்து ரேடியோவை எடுத்து அலமாரியில் வைத்தாள். காலிப் பெட்டியில் வைக்கோலைப் போட்டுக் கோழியை அடைக்கு வைத்தாள். குஞ்சு பொரித்து வெளியே வந்த அன்று அவள் சிரித்த சிரிப்பை, சின்னப் பிள்ளையான நான் கோழிக்குஞ்சுக்காகச் சிரிக்கிறாள் என்றே நினைத்தேன்.

சரி, தேனிக்குத் திரும்புவோம்.

நிச்சயப் போன்

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பரிசம் போடும்போது தட்டில் ஒரு போனும் வருகிறது. பூ ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு, சேலை ஒரு தட்டு. வெற்றிலை பாக்குத் தட்டில் குங்குமம் வைத்த அட்டைப் பெட்டியில் போன். வீடியோக்காரர் அதற்கென்று தனியாக ஒரு ஷாட் எடுப்பார். எனக்கு மாப்பிள்ளை வீட்டில் கைக்கடிகாரம் போட்டார்கள். அது நல்ல கடிகாரம். தாலி கட்டிய வாரமே நின்றுவிட்டது. அதனால் நான் எப்போது போனேன், எப்போது வந்தேன் என்று யாரும் நேரம் பார்க்கவில்லை.

மகேஸ்வரியின் போன் விக்னேஷ் பெயரில் வாங்கியது. சிம்கார்டும் அவர் பெயரில். அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டுகிற வசதியும் அவரே போட்டுக் கொடுத்தது.

அன்று டீ இடைவேளையில் வேப்பமரத்தடியில் நின்று அவள் சொன்னாள்:

“வெள்ளிக்கெழமை கண்டக்டர்கிட்ட மல்லியப்பூ குடுத்து விடுவாகக்கா. வச்சு போட்டோ எடுத்து அனுப்பணும். அனுப்பினா, யாரு எடுத்ததுன்னு கேப்பாக. நானா எடுத்தேன்னா, கைய நீட்டுன மாதிரி தெரியலயேம்பாக. குரல் சந்தோசமா இருந்தா பக்கத்துல யாருன்னு கேப்பாக. டல்லா இருந்தா யாரு என்ன சொன்னாகன்னு கேப்பாக. இப்ப ஒரு குரல் வச்சிருக்கேன். சந்தோசமும் இல்ல, டல்லும் இல்ல. பஸ் ஸ்டாண்டு மைக்குல பேசுவாகள்ல, அப்பிடி.”

“அப்பாகிட்டச் சொல்லலாம்ல?”

“சொன்னேனே. அடிச்சானான்னு கேட்டாரு. இல்ல. குடிச்சிட்டு வந்தானா? இல்ல. பெறகு என்ன ஆத்தா செஞ்சான்னாரு. போன் பண்றாகப்பான்னேன். பாசமா இருக்கான், கேக்குறான், இதுல என்ன இருக்குன்னுட்டாரு.” வடையைப் பிய்த்தாள், சாப்பிடவில்லை. “எனக்கே சொல்லத் தெரியலக்கா. எழுதிப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. ஆவணிக்குள்ள எனக்குச் சொல்லத் தெரிஞ்சாகணும்.”

மணி அடித்தது. உள்ளே போனதும் பேராசிரியர், கடைசி வகுப்பன்று யாராவது இந்தக் கவிதையை நடித்துக் காட்டலாமே என்றார். வழக்கம்போல எல்லாரும் குனிந்து பேனாவைத் தேடினோம்.

“நான் பண்றேன் சார். பிரபு வேசம்” என்றாள் மகேஸ்வரி.

“தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?”

“எங்க ஊர்ப் பேச்சுல.”

“வசனம் எழுதணுமேம்மா.”

“வேணாம் சார்” என்றாள். “தெனமும் கேக்குறேன்.”

அந்தக் கடைசி இரண்டு சொல்லை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

துண்டு போட்ட பிரபு

கடைசி வகுப்பு. வீட்டாரையும் அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று டீச்சர்களின் கணவர்களும் வந்து, யார் வீட்டில் தண்ணீர் வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ராசாங்கம் அண்ணன் வெள்ளை வேட்டியில், வாழைக் கறை போகாத விரல்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் விக்னேஷ். இஸ்திரி கலையாத சட்டை, லேசான அத்தர் வாசனை, கையில் போன். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். “அக்கா, நீங்கதேன் மகேசு பக்கத்துல உக்காருறதா? போன்ல பாத்திருக்கேன்.” மரியாதையான பிள்ளை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

மகேஸ்வரி தோளில் பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பூட்டுக்காரராக ஏட்டையா. ஸ்டூலில் உட்கார்ந்து, தன் பைக் பூட்டையே கையில் வைத்திருந்தார். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம் என்பதால் ஒப்புக்கொண்டவர். மாளிகை திராட்சைத் தோட்டமாகிவிட்டது. அவள் காலை நீட்டி உட்கார்ந்து ஆரம்பித்தாள்:

“வாப்பா. வெயில்ல வந்திருப்ப, மோர் குடி. இந்தக் கதவுதேன். நல்லாக் கனமாப் போடு. சேச்சே, திருட்டுப் பயமெல்லாம் இல்ல. இந்த ஏரியாவுல என் தோட்டத்துக்குள்ள எவன் கால வைப்பான்? எம் பொண்டாட்டிக்காகத்தேன். தங்கமானவப்பா. ஒரு சொல்லு எதுத்துப் பேச மாட்டா. நான் என்ன கேக்குறேன்? எங்க போற, எப்ப வருவ. அம்புட்டுத்தேன? பாசம் இருக்கிறவன் கேக்கத்தேன செய்வான்? காலைல தோட்டத்துக்குள்ள போறா. போகும்போது ஒரு முகம். வரும்போது வேற ஒரு முகம். நல்ல முகந்தேன், கொறையில்ல. ஆனா அந்த முகத்த நான் வாங்கிக் குடுக்கலையே. எங்கன வாங்குனா? கேட்டேன். காத்து நல்லா இருந்துச்சுங்கிறா. காத்தா? நம்ம ஊருல இல்லாத காத்தா? நானும் போயி நின்னு பாத்தேன்பா. எனக்கு ஒண்ணும் தெரியல...”

கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு. காற்றை நினைத்தாலே தேனியில் எல்லாருக்கும் சிரிப்பு வரும். விக்னேஷ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வீடியோ எடுத்துக்கொண்டே ராசாங்கத்தின் தொடையைத் தட்டி, “கரெக்டாத்தேன மாமா கேக்குறாரு?” என்றார்.

மகேஸ்வரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலை ஏற்றவில்லை.

“எனக்குக் கோவமெல்லாம் இல்லப்பா. நான் கோவப்பட்டு யாரும் பாத்ததில்ல. சாவி ஒண்ணு போதும், எங்கிட்டக் குடுத்துரு. மெதுவாப் போடு, சத்தம் வேணாம். அவ உள்ளதேன் இருக்கா.”

யாரும் சிரிக்கவில்லை. ஏட்டையா தன் கையிலிருந்த பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

முதலில் கை தட்டியது விக்னேஷ். எழுந்து நின்று, விசிலும் அடித்தார்.

ரெண்டாவது ரிங்கு

முடிந்ததும் மரத்தடியில் டீ. காற்றில் காகிதக் கப்பு பறக்காமல் இருக்க எல்லாரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூசாரிகள் போல நின்றிருந்தோம். விக்னேஷும் ராசாங்கம் அண்ணனும் என் அருகில்.

“பிரமாதம் மாமா” என்றார் விக்னேஷ். “எந்த வெள்ளக்காரன் எழுதுனானோ, ஆம்பள மனசப் புட்டுப் புட்டு வச்சிருக்கான். மகேசுக்கு இம்புட்டுத் திறமை இருக்கும்னு எனக்கே தெரியாது. ஆனா மாமா, கல்யாணத்துக்கப்புறம் மேடையெல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேரு பாக்குறான்ல? அந்த ஏட்டு அவள எப்பிடிப் பாத்தாருன்னு கவனிச்சீகளா?”

ஏட்டையா பூட்டைப் பார்த்ததைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ராசாங்கம் அண்ணன், “உம்” என்றார்.

“கோவிச்சுக்காதீக. நான் நல்லாப் பாத்துக்குவேன் மாமா. இப்பப் பாருங்க ஒரு வேடிக்க.”

போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார்.

மகேஸ்வரி அந்தப் பக்கம், வகுப்பு வாசலில், டீச்சர்களுக்கு நடுவே நின்றிருந்தாள். யாரோ அவள் துண்டைப் பிடித்து இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பது ஒரே பெஞ்சுக்காரியான எனக்கே அன்றுதான் தெரியும்.

பைக்குள் போன் அடித்தது.

சிரிப்பு நின்றது. மெல்ல அடங்கவில்லை, வால்வைத் திருகி அடைத்ததுபோல நின்றது. டீச்சரின் கையை விலக்கிவிட்டு ஓடினாள். பையைத் தரையில் கொட்டினாள். சீப்பு, பேனா, டிபன் டப்பா எல்லாம் உருண்டன. போனை எடுத்துக் காதில் வைத்து, பஸ் ஸ்டாண்டு மைக்குக் குரலில், “சொல்லுங்க, இங்கனதேன் இருக்கேன்” என்றாள்.

“பாத்தீகளா?” விக்னேஷ் பெருமையோடு திரும்பினார். “ரெண்டாவது ரிங்கு தாண்டாது. பழக்கிட்டேன்.”

பழக்கிட்டேன். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் காளங்கன்றுக்குச் சொல்வார்கள், வண்டியில் பூட்டுவதற்கு முன்.

ராசாங்கம் அண்ணன் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடி, உருண்டுபோன டப்பாவை ஒரு கையால் பொறுக்குகிற பெண்ணை. பாதி டீயை அப்படியே வேப்பமரத்தின் தூரில் ஊற்றினார்.

“மாப்ள, காத்து ஜாஸ்தியா இருக்கு. நீங்க கெளம்புங்க” என்றார்.

அணைச்சுக் குடுக்கக் கூடாது

ஒரு வாரம் போனது. மகேஸ்வரி பள்ளிக்கூட ஆபீஸ் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் போனில் பேசினால் யாரிடம் பேசினாள் என்று கேள்வி வரும். “அப்பா பத்திரிகை அடிக்கிறவருக்குக் காசு குடுக்கப் போகாம இருக்காருக்கா. கோவமா, வருத்தமான்னு தெரியல. வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு.”

அடுத்த முறை கூப்பிட்டது ராசாங்கம் அண்ணனே. “தங்கச்சி, ஒரு ஒத்தாச. பரிசத் தட்டத் திருப்பிக் குடுக்கப் போறேன். தட்டத் தூக்க ஒரு பொம்பளயாள் வேணும். எங்கூடப் பெறந்தவ, நிச்சயத்த முறிக்கிற பாவத்துக்கு வரமாட்டேன்னுட்டா. அதுவும் ஆடி மாசத்துலயாங்கிறா. நல்லது செய்யத்தேன ஆடி ஆகாது? இதுக்கென்ன?”

நான் எதிலும் சேர்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். இதிலும் சேர்ந்தேன்.

சின்னமனூர் வீட்டில் தட்டுத் தயாராக இருந்தது. வெற்றிலை பாக்கு, பரிசச் சேலை, நாழிப்பூவன் வாழைப்பழம் இரண்டு சீப்பு, நடுவில் போன். வந்த தட்டு வெறுந்தட்டாகப் போகக் கூடாது. மகேஸ்வரி போனை அணைக்கப் போனாள். அப்பா தடுத்தார்.

“வந்தப்ப எரிஞ்சுக்கிட்டு வந்துச்சு. அணைச்சுக் குடுக்கக் கூடாது ஆத்தா. பொருளு எப்பிடி வந்துச்சோ அப்பிடிப் போகணும். நாள பின்ன அவுக நம்மள ஒரு சொல்லு சொல்லக் கூடாது.”

விளக்குக்குச் சொல்லவேண்டியதைப் போனுக்குச் சொன்னார். ராத்திரியே முழுக்கச் சார்ஜும் ஏற்றி வைத்திருந்தார். அவருடையது பொத்தான் போன். எரிகிற போன் வேறு என்னென்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தோன்றவில்லை.

விக்னேஷ் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கம்பத்துக்குப் போனோம். பெரியவர்களுக்குள் பேசி முடிப்பதுதான் முறை. அவர் அம்மா வாசலுக்கு வந்து, தட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டார். சுவரில் விக்னேஷின் அப்பா மாலையோடு படத்தில் இருந்தார். அவருக்கும் நல்ல இஸ்திரிச் சட்டை.

“என் மகனுக்கு என்னண்ணே கொற?” என்றார் அந்த அம்மா. “குடிக்கிறானா? எவகூடவாவது சுத்துறானா? ஊரெல்லாம் பத்திரிகை வைக்கப் போறோம்னு சொல்லிட்டேன். நான் எந்த முகத்தோட வெளிய நடக்குறது?”

ராசாங்கம் அண்ணன் துண்டைக் கையில் முறுக்கினார். வாழைச் சந்தையில் அவர் பேச்சை மீற ஆள் கிடையாது. இங்கே சொல் வரவில்லை. “கொறன்னு இல்ல தங்கச்சி... அது வந்து...” எனக்கும் அதே கதிதான். எழுதிப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது என்று மகேஸ்வரி சொன்னாளே, அது.

அப்போது தட்டில் போன் அடித்தது.

வெற்றிலைக்கு நடுவே அது அதிர்ந்து அதிர்ந்து நகர, மேலிருந்த பாக்கு ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. நாங்கள் இருவரும் மரமாக நின்றோம். வீட்டில் போன் அடித்தால் எடுக்கிற பழக்கத்தில் அந்த அம்மா எடுத்தார். எந்த இடத்தில் விரல் பட்டதோ, ஸ்பீக்கரில் பேசத் தொடங்கியது.

“எத்தன ரிங்கு போகுது? என்ன பண்ற? காலைலருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். புள்ளி சின்னமனூர விட்டுக் கெளம்புது, உத்தமபாளையம் தாண்டுது, கம்பத்துக்கு வருது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. யாரு கூட வந்த? பேசாத, நான் பேசி முடிச்சுக்கிறேன். இப்ப எங்க நிக்கிற? லொகேசன் எங்க வீட்டக் காட்டுது! என்னய என்ன கேணயன்னு நெனச்சியா? இந்த வேலையெல்லாம் யாருடி சொல்லிக் குடுத்தா? அந்த ஏட்டா? பின்னாடி சேவச் சத்தம் கேக்குது. யாரு வீடு அது? சொல்லு. உன் நல்லதுக்குத்தேன கேக்குறேன்? எனக்குக் கோவமெல்லாம் இல்ல. யாரு வீட்டுல இருக்க?”

முற்றத்துச் சேவல் இன்னொரு முறை கூவியது.

அந்த அம்மா போனைக் காதில் வைக்கவில்லை. முகத்துக்கு முன்னால் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் இருந்த படத்தை ஒரு முறை பார்த்தார். கவிதையில் இந்த இடத்தில்தான் காகிதம் முடிந்துபோகும். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது.

“லொகேசன் சரியாத்தேன்யா காட்டுது” என்றார். “நம்ம வீடுதேன். அம்மா பேசுறேன்.”

எதிர்ப்பக்கம் லைன் கட்டானது.

போனைத் தட்டில் வைக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்களிடம் இல்லை, படத்திடமும் இல்லை, பொதுவாகச் சொன்னார்: “இவன் அப்பாகிட்டப் போனு கெடையாது. அதனால என்னயப் பாத்துக்கிட்டு வீட்டுலயே இருந்துக்கிட்டாக.”

தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோனார். சேலை, பழம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப வரும்போது தட்டில் மல்லிகைப்பூ. அவர் வீட்டுக் கொடியில் பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தது.

“வெறுந்தட்டா அனுப்பக் கூடாதுல்ல?” என்று என் கையில் கொடுத்தார். “அந்தப் புள்ளய வச்சுக்கிறச் சொல்லுங்க. போட்டோ அனுப்ப வேணாம்னு சொல்லுங்க.”

பின்குறிப்பு மாதிரி ஒன்று

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. பூட்டுக்காரர் ஏன் பேசவில்லை? ஏட்டையா நாலு பக்கம் எழுதினாராம். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தேன். அந்தத் தாளில் நான் தேறவில்லை. மறுபடி எழுதவுமில்லை. போடி வாசகிக்கு இப்போது திருப்தியாக இருக்கும்.

அன்று கம்பத்திலிருந்து திரும்பும்போது வேன் ஜன்னல் வழியே காற்று அடித்தபடி வந்தது. பூ வாடாமல் இருக்க மடியில் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன். ராசாங்கம் அண்ணன் உத்தமபாளையத்தில் வேனை நிறுத்தி மூன்று பேருக்கு முறுக்கு வாங்கினார். மூன்றாவது, வீட்டில் காத்திருந்தவளுக்கு.

மகேஸ்வரி வாசலில் நின்றிருந்தாள். தட்டைக் கொடுத்து, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் பூவை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போனாள். வெகுநேரம் வரவில்லை.

போகும்போது ஒரு முகம். வரும்போது வேறொரு முகம்.

அதை எங்கே வாங்கினாய் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ராசாங்கம் அண்ணன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.